பார்ச்சே, பார்ட்ஸே

1943 செப்டம்பர் 22

புது நோட்டு கிடைத்தவுடன் முதல் பக்கத்தில் பெயரை எழுதுங்கள் என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இன்று என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. எழுத இரண்டு பெயர்கள் இருக்கின்றன.

முதல் பெயர் எலியாஸ் அல்தாராஸ். சராயேவோவில் உயர்நிலைப் பள்ளி லத்தீன் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். யூதன். இரண்டாவது பெயர் ஜுஸெப்பே. ஸாரா துறைமுகத்தில் கிடங்குக் குமாஸ்தாவாக இருந்தவன், இத்தாலியன், கத்தோலிக்கன், சண்டைக்குப் பயந்து மனைவியோடு கடல் தாண்டி வந்தவன். இந்த ஜுஸெப்பே போன வாரம்தான் பிறந்தான். அதற்குள் அறுபத்தாறு வயது.

முதல் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

சராயேவோவிலிருந்து தப்பி, இத்தாலியர் வசமிருந்த கடற்கரைக்கு நானும் என் மனைவி ரெனாவும் ஓடினோம். அவர்கள் எங்களைக் கப்பலேற்றி, இந்த மலைக்குக் கீழே உள்ள சிறு நகரத்தில் காவலில் வைத்தார்கள். பெயர்தான் காவல். தினமும் போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இந்த மாதம் இத்தாலி சண்டையை நிறுத்தியது, ஜெர்மானியர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நிலையத்துச் சார்ஜன்ட் கையெழுத்துப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “மலையில காளான் நல்லா முளைச்சிருக்காம் ஐயா. அம்மாவையும் கூட்டிட்டுப் போய்ப் பறிங்க. திரும்பி வர அவசரப்படாதீங்க.”

ஏறினோம். மழை பிடித்துக்கொண்டது. பியெத்ராஃபோஸ்கா என்ற இந்த ஊரின் கடைசி வீட்டில் கதவைத் தட்டினோம். நாஸாரேனோ என்ற குடியானவர் திறந்தார். எந்த ஊர் என்று கேட்டார். “ஸாரா” என்றேன். “ஓ, ஸாரா” என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வியும் இல்லை. எங்கள் முன்னால் ஆளுக்கு இரண்டு அவித்த உருளைக்கிழங்கை வைத்துவிட்டு, நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி பல்மீரா மாடியறையில் படுக்கை விரித்தாள்.

மறுநாள் முதல் ஊருக்கு நாங்கள் பல்மீராவின் தூரத்துச் சொந்தம். என்னை ‘ஸியோ’ என்கிறார்கள். மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருக்கும் இவர்களிடம் அந்த ஒரே சொல்தான். ரெனா ‘ஸியா’.

நோட்டைக் கொட்டகையில் கோவேறு கழுதைக்குப் பின்னால் ஒரு சுவர்க்கல்லின் இடுக்கில் வைக்கிறேன். எரித்துவிடுங்கள் என்கிறாள் ரெனா. கழுதை கடிக்கும், யாரும் நெருங்க மாட்டார்கள் என்றேன்.

செப்டம்பர் 25

பீன்ஸ் உரித்தோம். பல்மீரா கூடை நிறைக்கும் நேரத்தில் நான் ஒரு பிடி உரித்தேன். “கிடங்குல இப்படித்தான் வேலை பாத்தீங்களா ஸியோ?” என்று கேட்டாள்.

அக்டோபர் 3

அக்டோபர் இவர்களுக்கு ஜெபமாலை மாதம். தினமும் மாலை ஊர் முழுவதும் கோயிலுக்குப் போகிறது. ஜுஸெப்பேயும் போகத்தானே வேண்டும். ஆண்கள் பக்கத்தில் நாஸாரேனோவுக்கு அருகில் உட்கார்ந்தேன்.

ஜெபமாலைக்குப் பிறகு மன்றாட்டு. பாதிரியார் தொன் இஜீனோ ஒவ்வொரு வரியாக லத்தீனில் சொல்ல, ஜனங்கள் பதில் சொல்கிறார்கள். ஒரு வார்த்தையும் புரியாமல், ஒரு வார்த்தையும் விடாமல். முழுதும் ஒரே பதில், கடைசியில் மட்டும் மாறும். அங்கே ஓரிடத்தில் ‘parce nobis, Domine’ என்று வருகிறது. எங்களைப் பொறுத்தருளும் ஆண்டவரே என்று பொருள். என் வாழ்நாளில் எத்தனையோ மாணவர்களுக்கு அந்த வினைச்சொல்லைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒருமுறையும் அதைச் சொல்லி மன்றாடியதில்லை. இன்று எல்லாரோடும் சேர்ந்து உரக்கச் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

விளக்கமாகவே எழுதுகிறேன். லத்தீன் ஒன்றுதான், ஆனால் ஊருக்கு ஊர் வாய் வேறு. அந்த முதல் சொல்லை இத்தாலியர்கள் ‘பார்ச்சே’ என்பார்கள். வியன்னாவிலும் பிராகிலும் சராயேவோவிலும் நாங்கள் ‘பார்ட்ஸே’ என்போம். இதில் எது சரி என்று ஓய்வறையில் சக ஆசிரியர்களோடு மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். ஸாராவில் பிறந்த இத்தாலியக் கத்தோலிக்கன் எவனும், தாய்மடியில் கேட்ட மன்றாட்டில், ‘பார்ட்ஸே’ என்று சொல்ல மாட்டான்.

ஊரே ‘பார்ச்சே’ என்றபோது நான் ‘பார்ட்ஸே’ என்றேன்.

நாஸாரேனோ திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியை மடியில் சரி செய்துகொண்டார். அவர் கவனித்திருக்க வாய்ப்பில்லை, லத்தீன் அறியாதவர்.

அக்டோபர் 4

ரெனாவிடம் சொன்னேன். “இந்த வீட்டுக்காரங்களுக்கு நாம யாருன்னு தெரிஞ்சா அன்னிக்கே கிளம்பிடணும். நம்மளை வெச்சிருந்தது வெளியில தெரிஞ்சா இவங்களையும் சுட்டுடுவாங்க” என்றேன்.

“கிளம்பி எங்க போறது?”

“அது அப்புறம்.”

இனிமேல் கோயிலில் உதட்டை மட்டும் அசைப்பது என்று முடிவு. காலையில் கழுதைக்கு வைக்கோல் போடும்போது அதன் காதருகே ‘பார்ச்சே, பார்ச்சே, பார்ச்சே’ என்று பயிற்சி செய்கிறேன். பத்து வயதில் படிந்த ஓசை. மந்தமான மாணவன் என்றால் எனக்கு இனி கோபமே வராது.

அக்டோபர் 17

பல்மீராவின் லத்தீன் அற்புதம். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்ற அந்த ஓயாத பதில், ‘ஓரா ப்ரோ நோபிஸ்’, அவள் வாயில் ‘ராப்பனோபி’ ஆகிவிடுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் என் கை சிவப்புப் பென்சிலைத் தேடுகிறது.

இன்று கஷ்கொட்டை பொறுக்கும்போது கேட்டாள். “ஸியோ, கடைசியில பார்ச்சேன்னு வருதே, அதுக்கு என்ன அர்த்தம்?”

கிடங்குக் குமாஸ்தாவுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் அர்த்தம் கேட்டு நான் சும்மா இருந்ததாகச் சரித்திரமே இல்லை. “பொறுத்துக்கோ, விட்டுடு, தண்டிக்காதேன்னு அர்த்தம். உதாரணத்துக்கு, நீ கோழியப் பிடிச்சுக் கத்தியைத் தூக்கறே. கோழிக்கு லத்தீன் தெரிஞ்சா அந்த வார்த்தையைத்தான் சொல்லும்” என்றேன்.

அவள் சிரித்துச் சிரித்து மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 12

வெள்ளிக்கிழமைதோறும் பல்மீரா இரண்டு மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கொண்டுவந்து ரெனாவிடம் கொடுக்கிறாள். கோயிலில் மிஞ்சியவையாம். வெள்ளிக்கிழமை மாலைதான் அங்கே சுத்தம் செய்வார்களாம். “மேல இருட்டா இருக்குமே ஸியா, ஏத்திக்கோங்க.” வெள்ளி மாலை தொடங்கிச் சனிக்கிழமை முழுவதும் வேலை செய்யாத எங்கள் ஓய்வு நாளான சப்பாத்துக்கு விளக்கேற்ற ரெனாவுக்கு இரண்டு துண்டு போதும். எவ்வளவு பொருத்தமான தற்செயல்! கீழே காவலில் இருந்தபோதுகூட இப்படி அமைந்ததில்லை.

சனிக்கிழமைகளில் ரெனாவுக்குத் தைக்கும் வேலையும் கொடுப்பதில்லை. சனிக்கிழமை ஊசி எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பது இந்த ஊர் நம்பிக்கையாம். ஆனால் போன சனிக்கிழமை எதிர்வீட்டுப் பெண் வாசலில் உட்கார்ந்து காலுறை தைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பிக்கை போலும்.

டிசம்பர் 9

பனி. கழுதையும் நானும் மட்டும் எழுந்திருந்தோம். ‘பார்ச்சே’ பத்துக்கு ஏழு முறை சரியாக வருகிறது.

1944 ஜனவரி 19

இன்று பன்றி அடித்தார்கள். எங்கள் மதத்தில் விலக்கான இறைச்சி. இதற்காக ஒரு வாரமாகவே எனக்கு உறக்கமில்லை. குடியானவன் வருடத்துக்கு ஒருமுறை பன்றி அடித்துத் தட்டில் வைத்தால் எந்த விருந்தாளி மறுப்பான்? மறுத்தால் அந்த நிமிடமே ஜுஸெப்பே செத்தான், எலியாஸ் வெளியே வந்தான். வயிற்றுவலி என்று சொல்லலாமா, பல்வலியா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இருவருக்கும் ஒரே நாளில் பல்வலி வருமா என்று ரெனா கேட்டாள்.

தேவைப்படவில்லை. பல்மீரா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “என்னத்தைச் சொல்ல ஸியோ, வெறும் எலும்பு. வளரவே இல்லை சனியன். இருந்த கொஞ்சத்தையும் என் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்து வெச்சாச்சு. உங்களுக்குக் குடுக்க ஒண்ணும் இல்லை, மன்னிச்சுடுங்க.” முட்டையும் முட்டைக்கோஸும் சமைத்துப் போட்டாள். அவளே வெட்கப்பட்டு நிற்கும்போது என் நிம்மதியை மறைக்கப் படாத பாடு பட்டேன்.

அந்தப் பன்றி எனக்குப் பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் நான் லத்தீன் ஆசிரியன், பன்றியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

பிப்ரவரி 16

ரெனாவுக்குக் காய்ச்சல். பல்மீரா ஒயினைச் சுட வைத்து மிளகு போட்டுக் கொடுக்கிறாள். பனியில் கோயிலுக்குப் போக முடியாததால் அடுப்படியிலேயே ஜெபமாலை சொல்கிறார்கள். முந்தாநாள் கடைசியில் பல்மீரா ‘பார்ட்ஸே நோபிஸ்’ என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாளும் அப்படியே. இன்று அடுப்படியில் கேட்டேன். “பல்மீரா, நீ எப்பவும் பார்ச்சேன்னுதானே சொல்லுவே?”

“அப்படியா?”

“பார்ட்ஸே தப்பு. உங்க வழக்கத்துல பார்ச்சேதான் சரி.”

“எனக்கு என்ன தெரியும் ஸியோ? நாக்கு எப்படிப் போகுதோ அப்படிப் போறேன்.” மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள். நாஸாரேனோ அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

அக்டோபரில் ஒரே ஒருமுறை நான் செய்த பிழை இவள் காதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வகுப்பில் இது நடக்கும். நன்றாகப் படிக்கிறவன் என்று பெயர் வாங்கிய பையன் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால் மொத்த பெஞ்சும் அதே தப்பைப் போட்டிருக்கும்.

மார்ச் 21

பனி உருகியது. கோயிலுக்குப் போனோம். பெண்கள் பக்கத்திலிருந்து நாலைந்து ‘பார்ட்ஸே’ கேட்டது. துவைக்கும் தொட்டியில் பல்மீராவோடு நிற்பவர்கள் அவர்கள். ஆண்கள் பக்கத்தில் கொல்லர்கூட.

பூசைப் பொருள் அறையில் தொன் இஜீனோவைப் பார்த்தேன். “சுவாமி, ஜனங்கள் ஒரு சொல்லைத் தப்பாக உச்சரிக்கிறார்கள். நீங்கள் திருத்தினால் நல்லது” என்றேன்.

“எந்தச் சொல்?”

அதைச் சொல்லிக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. “கடைசியில், இறைவனின் செம்மறியை அழைக்குமிடத்தில், ‘அஞ்ஞூஸ் தேயி’யில்” என்றேன்.

“எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸியோ ஜுஸெப்பே. ஆண்டவருக்கு நல்லா கேக்கும். அவர் புரிஞ்சுப்பார்.” இவருக்குக் காது மந்தம் என்று இதுவரை எனக்குத் தெரியாது. சற்று முன்புதான் நான் ஏழாம் வரிசையில் தும்மியதற்கு மேடையிலிருந்தே ஆசி சொன்னவர்.

ஏப்ரல் 14

பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்த குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வைத்திருந்த குடியானவரையும். வீட்டை எரித்துவிட்டார்களாம். எங்களைப் போன்றவர்கள்தான் என்று பல்மீரா சொன்னாள். உடனே “ஸாராக்காரங்க மாதிரி, அகதிங்க” என்றாள்.

ரெனாவும் நானும் மூட்டை கட்டினோம். அவளுக்கு இன்னும் சரியாக நடக்க முடியவில்லை. கீழே இறங்கியபோது வாசலில் நாஸாரேனோ உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க ஸியோ?”

“கொஞ்சம் காற்றாட.”

“மூட்டையோடயா?” நகரவில்லை. “உருளைக்கிழங்கு நடணும். ஆள் இல்லை. நீங்க இருந்தா உதவியா இருக்கும்.”

நட்டோம். என்னைப் போன்ற ஓர் உதவியாளர் இல்லாமலே அவர் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

மே 2

மே மாதம் மாதாவின் மாதம், மறுபடி தினமும் மன்றாட்டு. இப்போது ஊர் முழுவதும் ‘பார்ட்ஸே’. தவறாக, ஒன்றாக, நல்ல சத்தமாக. அவர்களுக்கு நடுவில் நான் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு மனிதனின் ஒரு பிழை ஒரு தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கழுதைக்கு மட்டும்தான் நான் சரியாகக் கற்பித்திருக்கிறேன்.

மே 18

நேற்று நடந்ததை இன்று காலை வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுப் பிற்பகல் பாசிச அரசின் அதிகாரி ஒருவர் வண்டியில் நான்கு துப்பாக்கிக்காரர்களோடு வந்தார். மெலிந்த, நாகரிகமான மனிதர். இந்த மலையில் போஸ்னியாவிலிருந்து வந்த யூதர்கள் இருப்பதாகத் தகவலாம். எல்லாருடைய அடையாளக் காகிதங்களையும் பார்த்தார். காகிதம் வழியில் தொலைந்துவிட்டது என்று நாங்கள் சொன்னதை நம்பித் தொன் இஜீனோ எங்களுக்கு வாங்கித் தந்த காகிதத்தையும் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். பிறகு சிரித்தபடி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“காகிதத்தை யார் வேணும்னாலும் எழுதலாம். நாக்கை மாத்த முடியாது. நான் எல்லை ஊரான கொரீட்சியாவில் குருமடத்தில் படித்தவன். இத்தாலியர், ஸ்லாவியர், ஆஸ்திரியர் எல்லாரும் ஒரே கோயிலில் நிற்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு யார் எவர் என்று சொல்லிவிடுவேன். ஒரு வார்த்தை போதும். இன்று மாலை மன்றாட்டுக்கு ஒருவர் பாக்கியில்லாமல் வர வேண்டும்.”

எந்த வார்த்தை என்று அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

கோயிலுக்குப் போகும் வழியில் ரெனாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவளுக்கு இன்னும் பலமில்லை. “ஸியோ, இன்னிக்கு சத்தமா சொல்லுங்க. வாயை மட்டும் அசைச்சா அவன் கண்டுபிடிச்சுடுவான்” என்றாள் பின்னால் வந்த பல்மீரா. நான் வாயை மட்டும் அசைப்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க நேரமில்லை. “பயப்படாம, உங்களுக்கு எப்படி வருதோ அப்படிச் சொல்லுங்க” என்றும் சொன்னாள்.

எனக்கு எப்படி வருகிறதோ அப்படிச் சொன்னால் செத்தோம்.

அதிகாரி உட்காரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுப்பாதையில் மெதுவாக நடந்தார், ஒவ்வொரு வரிசையிலும் நின்று காதைக் கொடுத்தார். தேர்வறையில் நான் நடக்கும் நடை. முப்பது வருடம் அப்படி நடந்திருக்கிறேன். கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் காலடி எப்படிக் கேட்கும் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

மன்றாட்டு நீண்டது. ஒவ்வொரு ‘ராப்பனோபி’க்கும் அவர் ஒரு அடி நெருங்கினார். தொன் இஜீனோ அந்த இடத்துக்கு வந்தபோது அதிகாரி என் தோளருகே நின்றிருந்தார். அவரது சட்டையின் சோப்பு வாசனை அடித்தது. அந்தச் சொல் மன்றாட்டில் ஒரே ஒருமுறைதான் வரும். திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. நான் கழுதையை நினைத்துக்கொண்டேன்.

ஊர் முழங்கியது: “பார்ட்ஸே நோபிஸ், தோமினே!”

கூரை அதிர்ந்தது. கொல்லரும், துவைக்கும் பெண்களும், பல் இல்லாத கிழவர்களும். இதுவரை அவ்வளவு சத்தமாக அந்த ஊர் ஜெபித்து நான் கேட்டதில்லை. அந்த முழக்கத்துக்கு அரை நொடி பின்னால், தனியாக, தெளிவாக, ஒரு கிழட்டுக் குரல் கேட்டது: “பார்ச்சே.”

அது என் குரல்.

பல்மீரா பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். நாஸாரேனோ கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி என் தோளில் கை வைத்தார். மன்றாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. முடிந்ததும், “எந்த ஊர்?” என்றார்.

“ஸாரா.”

“பள்ளிக்கூடம் போயிருக்கிறீர்கள்.”

“கொஞ்சம்.”

அவர் பாதிரியாரிடம் திரும்பினார். “சுவாமி, என்ன கண்றாவி இது? ஒரு மந்தையே ஜெர்மன்காரன் மாதிரி உளறுகிறது! ரோமிலிருந்து எவ்வளவு தூரம் இந்த ஊர்? இத்தனை பேரில் இந்தப் பெரியவர் ஒருவருக்குத்தான் ஒழுங்கான லத்தீன் வருகிறது. அவரும் வெளியூர்!”

தொன் இஜீனோ கைகளை விரித்தார். “நான் வர்றதுக்கு முன்னாடி இருந்தே இப்படித்தான். எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். மலை ஜனங்க. மண்டையில ஏறாது.”

“இவங்க நாக்கை வைத்து எவனைக் கண்டுபிடிப்பது?” என்று அதிகாரி தொப்பியை மாட்டிக்கொண்டார். வந்த வேலை கெட்ட எரிச்சலில், போகும்போது எங்கள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, தின்ன ஏதாவது கொண்டுவா என்றார். பல்மீரா மாடிக்கு மேலுள்ள பரணுக்கு ஏறினாள். இறங்கும்போது அவள் கையில் ஒரு பன்றித்தொடை இருந்தது. உப்புப் போட்டு உலர்த்தியது. இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள்.

வளரவே வளராத, வெறும் எலும்பான பன்றியின் தொடை.

வண்டி போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். மெழுகுவர்த்தித் துண்டுகள், சனிக்கிழமை ஊசி, அடுப்பைக் கிளறிக்கொண்டே இருந்த நாஸாரேனோ, மந்தமான காது எல்லாம் வரிசையாக வந்தன. விடைத்தாளைக் கடைசியாகப் புரிந்துகொண்ட மாணவன் போலப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“எப்பலேர்ந்து தெரியும்?” என்று கேட்டேன்.

பல்மீரா என் அருகில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். “அக்டோபர்லேர்ந்து. நீங்க கோயில்ல அப்படிச் சொன்னதுமே இவர் நீங்க ஸாரா இல்லைன்னுட்டார், ஊரை மறைச்சு ஓடி வர்றவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாதா? சொல்லியிருந்தா எங்களுக்கு ஆபத்துன்னு அன்னிக்கே கிளம்பியிருப்பீங்க இல்ல?” பிறகு கோபம் வந்துவிட்டது. “ஊரையே உக்கார வெச்சு உங்க மாதிரி சொல்லப் பழக்கினேன். கொல்லருக்கு மட்டும் ஒரு மாசம் ஆச்சு. கடைசி நேரத்துல நீங்க எங்க மாதிரி சொல்றீங்களே! யார் உங்களைப் பழகச் சொன்னா?”

ரெனா கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சராயேவோவை விட்டு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததில்லை. பிறகு அழுதாள்.

மே 19

உருளைக்கிழங்குக்கு மண் அணைத்தோம். நாஸாரேனோ கொத்துவதை நிறுத்தாமல் பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசியது இதுவே முதல் முறை.

“போன சண்டையில, பதினேழாம் வருஷம், ஆஸ்திரியாக்காரன் என்னைப் பிடிச்சுட்டான். போஹேமியாவுல வேலைக்கு விட்டான். பசின்னா அப்படி ஒரு பசி. ஒரு கிழவி, அவ பிள்ளை எங்க ஆளுங்களோட சண்டையில செத்துப்போனவன், என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு ரெண்டு அவிச்ச கிழங்கு குடுத்தா. தினம். அவ வீட்டுல சாயங்காலம் மன்றாட்டு சொல்லுவா. பார்ட்ஸே, பார்ட்ஸேன்னு. அந்த மாதிரி சொல்ற குரலை அதுக்கப்புறம் கேட்டதே இல்லை. நீங்க சொல்ற வரைக்கும்.”

ஒரு வரிசை முடிந்தது.

“அவ கத்தோலிக்கா. நாங்க யூதர்” என்றேன். அந்த வார்த்தையை இந்த மலையில் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை.

“கிழங்கு ஒண்ணுதானே ஸியோ” என்றார். அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

ஜூன் 27

ஜெர்மானியர்கள் போய்விட்டார்கள். வேறு சேனை வந்துகொண்டிருக்கிறதாம். நான் கொட்டகைக்குப் போய், கழுதையின் முன்னால் நின்று, நோட்டின் முதல் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே ரெனாவின் பெயரை.

ஜூலை 2

நன்றி மன்றாட்டு. கோயில் நிரம்பி வழிந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதால் தொன் இஜீனோ என்னை முன்வரிசையில் உட்காரச் சொன்னார். தொப்பி தலையிலேயே இருக்கட்டும் என்றார், ‘உங்க வழக்கம் அதுதானே’ என்று. அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அதிகாரியிடம் சொன்ன பொய்க்கு ஆயரிடம் பாவமன்னிப்புக் கேட்டாராம், அவர் சிரித்துவிட்டு ஒரு தண்டனையும் தரவில்லையாம்.

அந்த இடம் வந்தது. அவர்களோடு சேர்ந்து ‘பார்ட்ஸே’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கழுதையிடம் பெற்ற பயிற்சி விடவில்லை, ‘பார்ச்சே’ என்றே வந்தது. ஊர் ‘பார்ட்ஸே’ என்றது. கொல்லர் பொங்கிச் சிரித்து இருமலாக மாற்றினார்.

வெளியே வந்ததும் எல்லாரையும் படியில் நிறுத்தினேன். நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். இத்தாலிய மொழியிலும் லத்தீனிலும் எங்கள் வீட்டு மொழியிலும் அதற்குப் போதுமான சொல் அகப்படவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்துவிடலாம் என்று தோன்றியது. என்னால் கெட்டுப்போன லத்தீனைச் சரி செய்து கொடுத்துவிட்டுப் போகலாம்.

“ஆபத்து போய்விட்டது. இனிமேல் நீங்கள் பழையபடி சொல்லலாம்” என்றேன். “நான் சொல்லித் தருகிறேன். நாக்கை மேலண்ணத்தில் வையுங்கள். உதாரணத்துக்கு...”

பல்மீரா இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தாள். கத்திக்கு முன்னால் நிற்கும் கோழியைப் போலக் கழுத்தை நீட்டினாள். இத்தனை மாதம் ‘ஸியோ’ என்று மட்டும் அழைத்தவள், முதல் தடவையாக என் உண்மையான பட்டத்தைச் சொல்லி அழைத்தாள்:

“பார்ட்ஸே, புரொஃபஸோரே! பார்ட்ஸே!”

படி முழுவதும் சிரித்தது. அர்த்தம் சொல்லிக்கொடுத்தது நான்தானே.

வேறு வழியில்லாமல் பொறுத்தருளினேன்.